காணாத நிறையா, காணாத திசையா?

யுரேனஸ் கணக்குக்கு அடங்காமல் நகர்ந்தபோது, அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் காலே தேடிப் பார்த்தார்; சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் அகப்பட்டது. புதனின் பாதை பிசகியதற்கும் லெவெரியே இதே காரணத்தைத்தான் சொன்னார். சூரியனை ஒட்டிய அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயர்கூட வைத்துப் பல பத்தாண்டுகள் தேடினார்கள். அப்படியொரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்தப் பிசகு, 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே திருத்தியபோதுதான் தீர்ந்தது. காணாத நிறையைக் கூட்டுவதா, விதியை மாற்றுவதா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1933இல் வானியலாளர் ஸ்விக்கி கோமா கொத்தின் கேலக்ஸிகளிலும், 1970இல் வானியலாளர்கள் வேரா ரூபினும் ஃபோர்டும் ஆண்ட்ரோமிடா கேலக்ஸியிலும் கண்ட, காணும் நிறையின் ஈர்ப்பால் விளக்க முடியாத மிகைவேகம் அதே கேள்வியை மீண்டும் எழுப்பியது.

பெரும்பாலோர் நிறையைக் கூட்டினார்கள். அதற்குக் கரும்பொருள் என்று பெயரிட்டார்கள். ஆனால் அதைப் பிடிக்கப் பூமிக்கடியில் வைத்த செனான் தொட்டிகளில் இதுவரை ஒரு கரும்பொருள் துகளும் சிக்கவில்லை. நாம் காணாத இன்னொரு திசையும் உண்டு என்ற கூடுதல் பரிமாணக் கருத்துக்குக் கவர்ச்சி தருவது இந்த வெறுமைதான். 1921இல் கலூசாவும் 1926இல் கிளைனும் தொடங்கிய அந்தச் சிந்தனையை, 1998இல் இயற்பியலாளர்கள் அர்கானி-ஹமீது, டிமோபௌலோஸ், டிவாலி மூவரும் புதிதாக வளர்த்தார்கள். நம் முப்பரிமாண உலகம் கூடுதல் பரிமாணத்துக்குள் ஒரு படலம் போன்றது; ஒளியும் அணுக்களும் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாது, ஈர்ப்பு மட்டும் தாண்டிப் பரவும் என்பது அவர்கள் கருத்து. அப்படியானால், பக்கத்தில் இன்னொரு படலம் இருந்தால், அதிலுள்ள பொருளின் இழுப்பு நம்மை எட்டும், ஒளி எட்டாது. எந்தத் தொட்டியிலும் அது சிக்காததும் இயல்பே.

அழகான விளக்கம்தான். ஆனாலும் அளவீடுகள் இதற்குத் துணை நிற்கவில்லை என்பதே என் முடிவு. ஈர்ப்பு கூடுதல் பரிமாணத்தில் பரவினால் சிறு இடைவெளியில் நியூட்டனின் விதி பிசக வேண்டும்; ஆனால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் முறுக்குத் தராசு 2020இல் 52 மைக்ரோமீட்டர் இடைவெளிவரை அந்த விதி பிசகவில்லை என்று காட்டியது. பரிமாணம் அதைவிடச் சிறிதாகச் சுருண்டிருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம், ஆனால் அவ்வளவு சிறிய சுருளால் நம் படலத்துப் பொருளின் ஈர்ப்பை கேலக்ஸியின் அகலத்தில் மாற்ற முடியாது. மிஞ்சுவது பக்கத்துப் படலத்துப் பொருள். அது நம்முடையதைப் போன்றதென்றால் மோதும், வெப்பம் இழக்கும், தட்டையாக அமுங்கும். 2006இல், இரு கேலக்ஸிக் கொத்துகள் மோதிய புல்லட் கொத்தில் கண்டதோ வேறு: மோதலில் வாயு பின்தங்க, காணாத நிறை தடையின்றிக் கடந்து சென்றிருந்தது. ஆகவே பக்கத்துப் படலத்திலும் ஒன்றோடொன்று மோதாத புதுப்பொருளையே வைக்க வேண்டும்; கரும்பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அது என்ன என்பதை விட்டுவிடுகிறது இந்த விளக்கம். பெருந்தொலைவில் ஈர்ப்பு கூடுதல் பரிமாணத்துக்குள் கசிகிறது என்ற இன்னொரு வாதத்துக்கும் சோதனை வந்தது. 2017 ஆகஸ்ட் 17இல் சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து வந்த ஈர்ப்பலையில், முப்பரிமாண வெளியில் எதிர்பார்த்ததற்கு மேல் எந்த இழப்பும் தென்படவில்லை.