சுருக்க முடியாத மாதிரி: மைசூருவும் கடற்படை அணு உலையும்

அமெரிக்காவின் 'எண்டர்பிரைஸ்', அணுவாற்றலில் இயங்கிய முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1961 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த அதன் நீளம் ஏறத்தாழ 342 மீட்டர். மாதிரி செய்வோர் பெரிதும் விரும்பும் 1:350 அளவில் அது 98 சென்டிமீட்டராகி, ஒரு மேசையில் அடங்கிவிடும். மேல்தளம், கோபுரம், விமானங்கள் என யாவும் அதே விகிதத்தில் சுருங்கும். சுருங்க மறுப்பது ஒன்றே ஒன்று: அதன் உள்ளிருக்கும் அணு உலை.

காரணம் எளிய வடிவியல். ஒரு பொருளின் நீளத்தைப் பாதியாக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகவும் கன அளவு எட்டில் ஒன்றாகவும் குறையும். நியூட்ரான்கள் கன அளவில் பிறக்கின்றன. பரப்பின் வழியே தப்பிச் செல்கின்றன. ஆகவே உலை சிறுக்கச் சிறுக்கத் தப்பிச் செல்லும் பங்கு கூடி, ஒரு கட்டத்தில் தொடர்வினை நின்றுவிடும்.

பொறியாளர்கள் இதை அறிந்தே செயல்பட்டனர். 'நாட்டிலஸ்' நீர்மூழ்கிக்கான முன்மாதிரி உலை கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஐடஹோ பாலைநிலத்தில் முழு அளவிலேயே கட்டப்பட்டு, 1953 மார்ச்சில் தொடர்வினையை எட்டியது. எண்டர்பிரைஸுக்கு எட்டு உலைகள், நான்கு உந்துதண்டுகள். அதன் முன்மாதிரியில் இரண்டு உலைகளும் ஒரு தண்டும் மட்டுமே இருந்தன. அதாவது, எண்ணிக்கையில் கால் பங்கு. அவர்கள் கப்பலைப் பகுத்தார்கள், சுருக்கவில்லை.

1971 டிசம்பரில், வங்கதேசப் போரின் இறுதி நாட்களில், இதே எண்டர்பிரைஸ் வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. இந்தியக் கடற்படையின் அணுவாற்றல் நாட்டத்தைப் பேசும் எந்த வரலாறும் அந்த வருகையைத் தவிர்ப்பதில்லை. ஆனால் நாட்டம் கப்பலாவதற்கு எரிபொருள் வேண்டும். இயற்கை யுரேனியத்தில் பிளவுறும் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடு. கல்பாக்கம் மின் நிலையம் கனநீரின் துணையோடு அதைக்கொண்டே இயங்குகிறது. அதற்கேற்பப் பருத்தும் இருக்கிறது. நீர்மூழ்கிக்குள் அத்தனை இடமில்லை. உலை சிறுக்க வேண்டுமெனில் எரிபொருள் செறிவூட்டப்பட வேண்டும். மைசூருவுக்கு அருகே ரத்னஹள்ளியில் அணுசக்தித் துறையின் அரும்பொருள் ஆலை வரலாற்றுக்குள் நுழையும் இடம் இதுவே. யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை மையவிலக்குக் கருவிகளில் சுழற்றி, நிறையில் ஒரு விழுக்காடும் வேறுபடாத மூலக்கூறுகளை அங்கே பிரிக்கிறார்கள்.

அந்த எரிபொருளுக்கான முன்மாதிரி உலை கல்பாக்கத்தில், நிலத்தின்மேல், 2003 நவம்பரில் தொடர்வினையை எட்டியது. 2009 வரை அது வெளியுலகுக்கு அறிவிக்கப்படவில்லை. அதன் வழிவந்த உலை 'அரிஹந்த்' நீர்மூழ்கியில் 2013 ஆகஸ்டில் உயிர்பெற்றது.

அப்படியாயின் இந்தியாவின் அணுவாற்றல் விமானந்தாங்கி ஏன் இன்னும் வரவில்லை? அரிஹந்த் உலையின் வெப்பத்திறன் 83 மெகாவாட் எனப்படுகிறது. அதில் ஒரு பகுதியே உந்துவிசையாக மாறும். 2022இல் சேர்ந்த 'விக்ராந்த்' கப்பலுக்கோ, நான்கு வாயுச் சுழலிகள் ஏறத்தாழ 88 மெகாவாட் இயக்கத்திறனை நேரடியாகவே தருகின்றன. சிறிய உலையை வரைபடத்தில் பெரிதாக்கி இந்த இடைவெளியைக் கடக்க இயலாது. வெப்பம், அழுத்தம், நியூட்ரான் கணக்கு எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். புதிய உலைக்கு நிலத்தில் புதிய முன்மாதிரி வேண்டும்.

மாதிரி, பொருளுக்குப் பின் வருவது; முன்மாதிரி, பொருளுக்கு முன் வருவது. மேசைமேல் நிற்கும் கப்பல் முன்னதைச் சேர்ந்தது. ஒரு நாட்டின் கடற்படை வரலாறோ பின்னதில்தான், பெரும்பாலும் கடலே தெரியாத ஊர்களில், எழுதப்படுகிறது.