கண்ணுக்குத் தெரியாத மையும் பல்லடத்துக் காடாவும்

போன வருஷம் பல்லடம் ரோட்டில் ஒரு மண்டபத்துக்கு மாமா என்னைக் கூட்டிட்டுப் போனார். ஒரு பனியன் கம்பெனி தன் புது லேபிளை பையர்களுக்கு அறிமுகம் செய்யும் விழா. வந்தவங்க எல்லாருக்கும் ஒரு வெள்ளை டி-ஷர்ட் கொடுத்தாங்க. பார்த்தால் வெறும் வெள்ளை. லைட்டை அணைச்சு யூ.வி. விளக்கைப் போட்டதும் நெஞ்சுப் பக்கம் லேபிள் பெயர் மின்னணும், அதுதான் ஏற்பாடு.

விளக்கு போட்டாங்க. பெயரைக் காணோம். டி-ஷர்ட் முழுசும் நீலமா ஜொலிக்குது. மேடையில் நின்ற முதலாளியின் வேட்டி ஜொலிக்குது, காபி தட்டோடு போன பையனின் பனியன் ஜொலிக்குது.

"என்ன மாமா, பேரைக் காணோம்?"

"பேசாம கைதட்டுங்க மாப்ளே."

கூட்டமும் அதுதான் சர்ப்ரைஸ் என்று நினைத்துக் கைதட்டியது.

வேலையிலேயே பக் தேடிப் பழகியவனுக்கு இதை அப்படியே விட மனசு வரலை. காரணம் எளிது. நம்மூர் வெள்ளைத் துணி சும்மா வெள்ளை இல்லை. ப்ளீச்சிங் முடிந்த துணியிலும் லேசாக மஞ்சள் இருக்கும். அதை மறைக்க வொயிட்னர் ஏற்றுவார்கள். அந்த ரசாயனம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். ஜெர்மன் வேதியியலாளர் பால் கிரைஸ் 1929ல் குதிரைக் கஷ்கொட்டை மரத்திலிருந்து எடுத்த எஸ்குலினை வைத்து முதலில் காட்டிய வித்தை இது. யூ.வி. மை செய்வதும் அதே வேலைதான். ஒளிரும் துணி மேல் ஒளிரும் எழுத்து, எப்படித் தெரியும்? நல்ல வெளுப்பு என்று பெயர் வாங்கிய சரக்கே எழுத்தை விழுங்கிடுச்சு.

சரி, விளக்கு இல்லாத காலத்தில் இந்த வித்தையை எப்படிச் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்து ஃபிலோன் மாசிக்காய்ச் சாற்றில் எழுதி, உலோக உப்புக் கரைசலைத் தடவி வெளிக்கொண்டு வரும் முறையை எழுதி வைத்திருக்கிறார். மாசிக்காய் நம்ம நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. அதிலிருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டால் கறுக்கும். கடுக்காயும் அப்படித்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி இன்னொன்று சொல்கிறார்: எகிப்தில் துணி மேல் நிறமில்லாத ஏதோ தடவுகிறார்கள், கொப்பரையில் ஒரே சாயம்தான் கொதிக்கிறது, வெளியே வரும் துணியில் பல நிறங்கள். அவருக்கு ஆச்சரியம் தாங்கலை.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. இது நம்ம சோழமண்டலக் கரையில் தினப்படி வேலை! துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில் ஊறப்போடுவார்கள். பாலின் கொழுப்பு, மேலே வரையும் கோடு பரவாமல் பிடித்துக்கொள்ளும். புளித்த நீரில் இரும்பை ஊறவைத்து அதைத் தொட்டு வரைந்தால், பட்ட இடம் கறுப்பு. சிவப்புக்குப் படிகாரம். படிகாரத் தண்ணி நிறமே இல்லாதது. வரைபவருக்கே கோடு தெரியாது என்பதால் பதிமுகக் கட்டையைப் போட்டுக் கொஞ்சம் நிறமேற்றிக்கொள்வார்கள். பிறகு துணியைச் சாயவேர்க் கொப்பரையில் கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயம் சாணக் கரைசலிலும் வெயிலிலும் வெளுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மைதான் இது, ஒரே வித்தியாசம், துவைச்சாலும் போகாது.

இந்தச் சீட்டித் துணிக்கு ஐரோப்பா கிறுக்குப் பிடித்து அலைந்தது. சொந்த நெசவாளர்களைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686லிருந்து 1759 வரை இறக்குமதி செய்யவும் அச்சடிக்கவும் தடையே போட்டது. தடை ஒரு பக்கம், ரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் முயற்சி இன்னொரு பக்கம். பாரிஸில் சாயத் தொழிலைக் கவனித்து வந்த வேதியியலாளர் துஃபே கேட்டுக்கொண்டதால், போலியூ என்ற கடற்படை அதிகாரி 1734 வாக்கில் புதுச்சேரியில் சீட்டி தயாராவதைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு துணியை வெட்டி வைத்துக்கொண்டார். வெர்ஷன் கண்ட்ரோல் என்று எனக்குத் தோன்றியது! 1742ல் கேர்து என்ற ஏசுசபைப் பாதிரியார், தன்னிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் இந்தத் தொழில் தெரிந்தவர்களைத் தனித்தனியாகக் கேட்டு, பதில்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காயைத் தமிழ்ப் பெயரிலேயே குறிப்பிடுகிறார்.

துஃபேக்குப் பின் அந்தச் சாயப் பொறுப்புக்கு வந்தவர் ழான் எலோ. இவரே 1737ல் கோபால்ட் மை பற்றி எழுதியவர். காய்ந்தால் தெரியாது, சூடுபட்டால் பச்சை நீலமாக வரும், ஆறினால் மறையும். பணக்கார வீடுகளில் கணப்பு முன்னால் வைக்கும் தட்டியில் இலையுதிர்ந்த குளிர்கால மரங்களை வரைந்து, மேலே இந்த மையால் இலைகளைப் போட்டு வைப்பார்கள். விருந்தாளி வந்து உட்கார, தீ மூட்ட, மரமெல்லாம் தளிர்க்கும். அந்த மை எலோவின் மை என்றே பெயர் வாங்கியது. படிகாரத்தில் வரைந்த நம்மாட்களைப் பற்றிக் கேட்டு எழுதியவரின் பெயர் நம்மிடம் இருக்கிறது. பதில் சொன்னவர்களின் பெயர் இல்லை. இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

படித்தது போதாதென்று வீட்டில் செய்தும் பார்த்தேன். துணி, பல்லடத்து விசைத்தறிக் காடா. வெளுக்காதது, வொயிட்னர் ஏறாதது. முதல் தடவை எழுத்தே ஏறலை, பாவுக்குப் போட்ட கஞ்சி தண்ணியை உள்ளே விடாது. சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசினேன். கடுக்காய்த் தண்ணியின் வெளிர் மஞ்சள், காடாவின் நிறத்தோடு அப்படியே கலந்துவிட்டது. (வெள்ளை பனியன் துணியில் மஞ்சளாகக் காட்டிக்கொடுத்துவிடும்.) காயவைத்து, அன்னபேதி கரைத்த தண்ணியை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அடித்தேன். ரெண்டு மூணு விநாடியில் எழுத்து கறுகறுவென்று எழுந்து வந்தது.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த விழாவுக்கு இதை வைத்துக்கலாம், கரண்டே வேண்டாம் என்றேன். துணியைக் கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தார்.

"துவைச்சாப் போகுமா?"

"போகாதுங்க மாமா."

"அப்ப பையர் சட்டையில தெறிச்சா?"