ஸ்டான்ஃபோர்ட் டெய்லி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1892 முதல் மாணவர்கள் நடத்திவரும் செய்தித்தாள். செய்தி சேகரிப்பது, திருத்துவது, படம் எடுப்பது, பக்கம் கட்டுவது எல்லாமே மாணவர் வேலை. நம் ஊர்க் கல்லூரி ஆண்டு மலரை மனத்தில் வைத்துக்கொண்டு இதை அணுகினால் பிடிபடாது. ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் முதல்வரின் வாழ்த்துரை இருக்கும். டெய்லியின் முதல் பக்கத்தில் பல்கலைக்கழகத் தலைவரின் ஆய்வுகள் மீதே சந்தேகம் கிளப்பும் செய்தி வந்திருக்கிறது. அவர் பதவியை விட்டுப் போகும்வரை அந்தச் செய்தி ஓயவும் இல்லை. பத்திரிகை யாருக்குச் சொந்தம், ஆசிரியரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், வழக்கு வந்தால் யார் பதில் சொல்வது என்ற மூன்று கேள்விகளுக்கு அங்கே காலத்துக்குக் காலம் விடை மாறிவந்திருக்கிறது. டெய்லியின் வரலாறு பெரும்பாலும் அந்த மாற்றங்களின் வரலாறுதான்.

லேலண்ட் ஸ்டான்ஃபோர்டும் அவர் மனைவி ஜேனும் இறந்துபோன தங்கள் ஒரே மகன் நினைவாக நிறுவிய பல்கலைக்கழகம் 1891 அக்டோபரில் வகுப்புகளைத் தொடங்கியது. அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்திலேயே, 1892 செப்டம்பரில், மாணவர்கள் நாளிதழ் ஒன்றை வெளியிட்டார்கள். அதற்கு ‘டெய்லி பாலோ ஆல்டோ’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைய பெயர் 1926இல் வந்தது. பல்கலைக்கழகத்துக்கும் பத்திரிகைக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பதால், வளாகத்தின் அன்றாடக் கதையை அறிய விரும்புகிறவர்களுக்கு இதன் பழைய இதழ்களே முதல் ஆதாரம். 1892 முதலான இதழ்கள் மின்வடிவாக்கப்பட்டு, யாரும் தேடிப் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளன.

முதல் எண்பது ஆண்டுகள் டெய்லி தனி நிறுவனமாக இருக்கவில்லை. மாணவர் பேரவையின் குடைக்குள் இருந்தது. பேரவையோ பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். விளையாட்டுப் போட்டிகள், நாடக விழா, பேரவைத் தேர்தல் போன்ற செய்திகளை நிரப்பிவந்த காலத்தில் இந்த ஏற்பாடு யாரையும் உறுத்தவில்லை. வியட்நாம் போர் வந்ததும் நிலைமை மாறியது. வளாகத்தில் கல்வீச்சும் கட்டட முற்றுகையும் அடிக்கடி நடந்தன. 1970இல் வெளியான கருத்துக் கட்டுரை ஒன்று, போராட்டக்காரர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களின் பெயரைக் குறிப்பிட்டு மிரட்டும் தொனியில் எழுதப்பட்டிருந்தது. அந்த எழுத்துக்குச் சட்டப்படி யார் பொறுப்பு என்ற கேள்வி நிர்வாகத்தின் மேசைக்குப் போனது. மாணவர் எழுதியதற்குப் பல்கலைக்கழகம் நீதிமன்றம் ஏற வேண்டுமா என்ற கவலை நிர்வாகத்துக்கு. நிர்வாகத்தின் கவலை எப்போது தணிக்கையாக மாறுமோ என்ற கவலை மாணவர்களுக்கு.

இரண்டு தரப்பும் பிரிந்துபோக வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பத்திரிகையின் பெயரை அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் ஏற்றிய சம்பவம் நடந்தது. கறுப்பின ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்தைக் கண்டித்து, போராட்டக்காரர்கள் பல்கலைக்கழக மருத்துவமனையின் நிர்வாக அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். 1971 ஏப்ரல் 9, வெள்ளிக்கிழமை மாலை, மருத்துவமனை இயக்குநர் அழைத்ததன்பேரில் காவலர்கள் வந்தார்கள். கூடத்தின் இருமுனைக் கதவுகளையும் உள்ளிருந்தவர்கள் அடைத்துவைத்திருந்தார்கள். மேற்குக் கதவைக் காவலர்கள் உடைத்துக்கொண்டிருந்தபோது, கிழக்குக் கதவு வழியே தடிகளோடு வெளியே பாய்ந்த ஒரு குழு அங்கே நின்ற ஒன்பது காவலர்களைத் தாக்கியது. ஒன்பது பேருக்கும் காயம்; ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. காவல் துறையின் புகைப்படக்காரர்கள் மேற்குப் பக்கம் நின்றிருந்தார்கள். அடித்தவர்கள் யார் என்று காட்ட அவர்களிடம் ஒரு படமும் இல்லை.

ஞாயிறன்று டெய்லி சிறப்பிதழ் போட்டது. அதில் வந்த படங்களைப் பார்த்தால், அவற்றை எடுத்த மாணவர் கிழக்குக் கதவுப் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று தெரிந்தது. மறுநாள், ஏப்ரல் 12 அன்று, சாண்டா கிளாரா மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் தேடுதல் வாரண்ட் வாங்கியது. நான்கு காவலர்கள் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்து, அங்கிருந்தவர்களின் கண்ணெதிரே, படம் கழுவும் அறை, கோப்பு அலமாரிகள், மேசைகள், குப்பைத்தொட்டிகள்வரை துழாவினார்கள். பூட்டியிருந்த இழுப்பறைகளைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதழில் ஏற்கெனவே வந்த படங்களைத் தவிர அவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்பினார்கள். நிருபர்களின் குறிப்பேடுகளையும் கடிதங்களையும் காவலர்கள் படித்தார்களா என்பதில் மட்டும் இரு தரப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது அதில்தான்: பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துப் பெற்ற தகவல் எல்லாம் அந்த மேசைகளில்தானே கிடந்தது?

பத்திரிகையில் பணிபுரிந்த எவர் மீதும் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்பது வாரண்ட் மனுவிலிருந்தே தெளிவு. அதே சமயம் மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். போராட்டக்காரர்கள் மீது வழக்குப் போட உதவக்கூடிய படங்களை அழித்துவிடுவோம் என்று டெய்லி முன்பே பகிரங்கமாக அறிவித்திருந்தது. சம்மன் அனுப்பிக் காத்திருந்தால் நெகட்டிவ் சாம்பலாகியிருக்கும் என்று அரசுத் தரப்பு வாதிட அந்த அறிவிப்பு நல்ல ஆயுதமாகப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து மாணவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். பக்கத்து நகரமான பாலோ ஆல்டோவின் அப்போதைய காவல் துறைத் தலைவர் ஜேம்ஸ் சர்ச்சரின் பெயரால் அது ‘சர்ச்சர் எதிர் ஸ்டான்ஃபோர்ட் டெய்லி’ என்று அறியப்படுகிறது. கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பத்திரிகையின் பக்கம் நின்றன. 1978 மே 31 அன்று உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் அதைக் கவிழ்த்தது. குற்றத்தோடு தொடர்பில்லாத மூன்றாம் நபரின் இடத்தையும் வாரண்டோடு சோதனையிடலாம், பத்திரிகை அலுவலகத்துக்கு இதில் தனி விலக்குக் கிடையாது என்று நீதிபதி பைரன் வைட் எழுதினார். பாட்டர் ஸ்டூவர்ட், தர்கூட் மார்ஷல், ஜான் பால் ஸ்டீவன்ஸ் ஆகிய மூவரும் மாறுபட்டார்கள்.

தீர்ப்பைக் கேட்டு நாட்டின் பெரிய நாளேடுகள் பதறின. ஒரு மாணவர் பத்திரிகையின் குப்பைத்தொட்டிக்கு நேர்ந்தது தங்களுக்கும் நேரும் என்று அவற்றுக்குப் புரிந்துவிட்டது. நாடாளுமன்றம் 1980இல் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். செய்தி வெளியிடும் நோக்கத்தோடு வைத்திருக்கும் குறிப்புகள், படங்கள் போன்றவற்றைச் சில விதிவிலக்குகள் தவிர வாரண்டோடு வந்து அள்ளிப்போக முடியாது என்பது அதன் சாரம். 2023 ஆகஸ்டில் கான்சாஸ் மாநிலத்தின் சிற்றூர் வாரப் பத்திரிகை ஒன்றில் காவலர்கள் புகுந்தபோது எல்லோரும் சுட்டிக்காட்டியது இந்தச் சட்டத்தைத்தான். டெய்லி வழக்கில் தோற்றது. அந்தத் தோல்வியால் பிறந்த சட்டம் இன்றும் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளுக்கும் காப்பாக நிற்கிறது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1973இல், பிரிவினை முடிந்தது. மாணவர்கள் ‘ஸ்டான்ஃபோர்ட் டெய்லி பதிப்புக் கழகம்’ என்ற லாப நோக்கற்ற நிறுவனத்தைப் பதிவுசெய்து பத்திரிகையை அதன் பெயருக்கு மாற்றினார்கள். இனி அச்சுக் கூலி பாக்கி, அவதூறு வழக்கு, சம்பளம் எல்லாம் கழகத்தின் பாடு. நிர்வாகத்துக்குத் தலைவலி போயிற்று. மாணவர்களுக்குக் கடிவாளம் போயிற்று. இப்படி இருவருக்கும் வசதியாக அமைந்த விவாகரத்து அபூர்வம். அமெரிக்காவில் பல மாணவர் பத்திரிகைகள் இன்னும் பல்கலைக்கழக நிதியையும் ஆசிரிய ஆலோசகரையும் நம்பியே நடக்கின்றன. ஆலோசகரை மாற்றியோ நிதியை நிறுத்தியோ அவற்றின் வாயை அடைக்க முடியும்.

கழகத்தின் அமைப்பு பின்வருமாறு. பத்திரிகையின் காலக்கணக்கு ‘வால்யூம்’ எனப்படும். ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு. ஒவ்வொரு வால்யூமுக்கும் முதன்மை ஆசிரியரைப் பணிபுரியும் மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு இதில் வாக்கில்லை. முதன்மை ஆசிரியரே கழகத்தின் தலைவராகவும் இருப்பார். அவருக்கு மேலே இயக்குநர் குழு உண்டு. ஆனால் எந்தச் செய்தி போக வேண்டும் என்பது அதன் வேலை அல்ல. விளம்பரம், கணக்கு, ஒப்பந்தம் போன்றவற்றைப் பார்க்க, பெரும்பாலும் அப்போதுதான் பட்டம் பெற்று வெளியே வந்த ஒருவர் முழுநேரச் சம்பளத்தில் இயக்க அதிகாரியாக அமர்த்தப்படுகிறார். இரவு இரண்டு மணிவரை பக்கம் கட்டிவிட்டுக் காலையில் தேர்வெழுதப் போகிறவர்களிடம் வரிக் கணக்கையும் ஒப்படைக்க முடியாது அல்லவா?

ஆசிரியர் குழு செய்தி, விளையாட்டு, கருத்து, கலை, நகைச்சுவை, தரவு, புகைப்படம், வீடியோ எனப் பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நிர்வாக ஆசிரியர், அவருக்குக் கீழே துணை ஆசிரியர்கள். முதலாண்டு மாணவர் எழுதிக் கொண்டுவரும் செய்தியைத் துணை ஆசிரியர் பார்ப்பார்: யார் சொன்னது, எதிர்த்தரப்பைக் கேட்டாயா, இந்த எண் எங்கிருந்து வந்தது? பிறகு பிரிவின் நிர்வாக ஆசிரியர், பிறகு மொழி நடை பார்க்கும் குழு, இறுதியில் தலைமை ஆசிரியர்கள். பத்திரிகையின் பெயரில் வரும் தலையங்கத்தைச் செய்தியாளர்கள் எழுதுவதில்லை. அதற்குத் தனிக் குழு. காலையில் பல்கலைக்கழகத் தலைவர் அலுவலகத்தைத் தாக்கித் தலையங்கம் எழுதியவரே மாலையில் அங்கே போய்ப் பேட்டி கேட்டால் யார் நம்புவார்கள் என்பதே காரணம். நாலாண்டில் எல்லோரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் இந்தச் சங்கிலியே அவர்களுக்குப் பள்ளிக்கூடமும். நேற்றுத் திருத்தப்பட்டவர் இன்று திருத்துகிறார்.

பணம் பல வழிகளில் வருகிறது: விளம்பரம், முன்னாள் மாணவர் நன்கொடை, மாணவர்கள் வாக்களித்து ஒப்புக்கொள்ளும் கட்டணத்தில் ஒரு பங்கு. முன்பு டெய்லியில் பணியாற்றி, பின்னர் ‘பிசினஸ் வயர்’ நிறுவனத்தைத் தொடங்கிய லாரி லோக்கியின் நன்கொடையால் 2009இல் வளாகத்துக்குள்ளேயே தனிக் கட்டடம் கிடைத்தது. கரோனா காலத்துக்கு முன்புவரை கல்வியாண்டில் வார நாட்களில் அச்சான பத்திரிகை, இப்போது வாரம் ஒருமுறைதான் தாளில் வருகிறது. அன்றாடச் செய்தி முழுவதும் இணையத்துக்குப் போய்விட்டது.

சுதந்திரத்தின் உண்மையான சோதனை 2022 நவம்பரில் வந்தது. முதலாண்டு மாணவர் தியோ பேக்கர், பல்கலைக்கழகத் தலைவரும் நரம்பியல் அறிஞருமான மார்க் டெசியே-லவீன் இணைந்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில் படங்கள் திரிக்கப்பட்டிருப்பதாக நிபுணர்கள் ஐயப்படுவதை எழுதினார். அறங்காவலர் குழு விசாரணை அமைத்தது. விசாரிக்க வந்த அறங்காவலர்களில் ஒருவருக்கு, தலைவர் இணைந்து தொடங்கிய மருந்து நிறுவனத்தில் 1.8 கோடி டாலர் முதலீடு இருந்ததை டெய்லி வெளியிட்டதும் அவர் விலகிக்கொண்டார். தலைவரின் வழக்கறிஞர்களிடமிருந்து கடிதங்கள் பறந்தன. 12 கட்டுரைகளை ஆராய்ந்த அறிஞர் குழு 2023 ஜூலை 19 அன்று அறிக்கை தந்தது. படங்களை அவரே திரித்ததற்குச் சான்றில்லை, ஆனால் அவருடைய ஆய்வகங்களில் பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள், பிழைகளைத் திருத்த அவர் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்றது. அன்றே அவர் பதவி விலகலை அறிவித்தார். அவர் முன்பு பணியாற்றிய ஜெனென்டெக் நிறுவனத்தின் 2009 ஆய்வு பற்றி டெய்லி எழுதிய மிகக் கடுமையான குற்றச்சாட்டை அந்தக் குழு ஏற்கவில்லை. அது தவறாகத் தெரிகிறது என்றது. வெற்றிக் கதையாக இதைச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். பேக்கருக்கு அந்த ஆண்டு ஜார்ஜ் போல்க் விருது கிடைத்தது. அதைப் பெற்றவர்களிலேயே மிக இளையவர் அவர்.

2024 ஜூன் 5 அன்று பாலஸ்தீன ஆதரவுப் போராட்டக்காரர்கள் தலைவர் அலுவலகத்துக்குள் புகுந்து பூட்டிக்கொண்டார்கள். செய்தி சேகரிக்க உடன் சென்ற டெய்லி நிருபரையும் சேர்த்துக் காவலர்கள் கைதுசெய்தார்கள். 1971இல் வாரண்ட் வாங்கிய அதே சாண்டா கிளாரா மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம்தான் இந்தக் கோப்பையும் கையாண்டது. அடுத்த ஆண்டு, நிருபர் மீது வழக்கில்லை என்று அறிவித்தது.

2025இல் புதுவகைச் சிக்கல் முளைத்தது. கருத்துக்காக விசாவைப் பறித்து நாடு கடத்தலாம் என்ற அச்சத்தில், வெளிநாட்டு மாணவர்கள் காசா பற்றிய செய்திகளை எடுக்க மறுத்தார்கள். முன்பு எழுதியவற்றிலிருந்து தங்கள் பெயரை நீக்கச் சொல்லிக் கேட்டார்கள். பதிப்புக் கழகம் ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சரையும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரையும் எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மனுதாரர் பட்டியலில் கழகத்தின் பெயரோடு இரண்டு வெளிநாட்டவரும் இருக்கிறார்கள், பெயர் குறிப்பிடாமல்.