மோட்டார் இயக்கச் சுற்றுகளில் மிகைமின்னோட்டக் காப்பு

மோட்டாரின் சுருணை, கேபிள், காண்டாக்டர், குறைகடத்திச் சாவி ஆகியவை தாங்கும் அளவை மின்னோட்டம் மீறும்போது, அவை கெடுவதற்குள் சுற்றைத் துண்டிக்கும் ஏற்பாடு மிகைமின்னோட்டக் காப்பு எனப்படும். பேரிங் இறுகுதல், பம்பு அடைத்துக்கொள்ளுதல், மூன்று ஃபேஸ்களில் ஒன்று அறுதல் ஆகியவற்றால் வருவது மிகைச்சுமை. மின்காப்பு முறிவதால் வருவது குறுஞ்சுற்று.

தூண்டல் மோட்டார் நேரடியாகப் புறப்படும்போது அதன் முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு இழுக்கும். 415 வோல்ட்டில் இயங்கும் 7.5 கிலோவாட் மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 14 ஆம்பியர். புறப்படும் சில விநாடிகளில் அது 80 ஆம்பியரைத் தாண்டும். ஆகவே அளவை மட்டும் பார்க்காமல், அது நீடிக்கும் நேரத்தையும் காப்புக் கருவி கணக்கில் கொள்ள வேண்டும்.

ஓவர்லோடு ரிலேயில் ஈருலோகப் பட்டைகள் சூடேறி வளைந்து, காண்டாக்டர் காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்துகின்றன. ஐஈசி 60947-4-1 தரத்தின்படி, 10ஆம் வகுப்பு ரிலே, அமைத்த அளவின் 7.2 மடங்கு மின்னோட்டத்தில், குளிர்ந்த நிலையிலிருந்து 4 முதல் 10 விநாடிக்குள் டிரிப் ஆக வேண்டும். நேரடி ஸ்டார்ட்டரில் ரிலே முழுச்சுமை அளவுக்கே அமைக்கப்படும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் சுருணைப் பாதையில் அமையும் ரிலேக்கு அதன் 0.58 மடங்கு, அதாவது 14 ஆம்பியர் மோட்டாருக்குச் சுமார் 8 ஆம்பியர், போதும்.

குறுஞ்சுற்று மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறன் காண்டாக்டருக்கு இல்லை. அந்த வேலை அதற்கு முன்னால் உள்ள ஃப்யூஸுக்கோ சர்க்யூட் பிரேக்கருக்கோ உரியது. ஸ்டார்ட்டருக்கும் இக்காப்புக் கருவிக்கும் இடையேயான ஒருங்கிணைப்பு இருவகை. முதல் வகையில் ஸ்டார்ட்டர் கெடலாம், ஆளுக்கு ஆபத்து நேரக்கூடாது. இரண்டாம் வகையில் அது மீண்டும் பயன்படும் நிலையிலும் இருக்க வேண்டும்; முனைகள் இலேசாக ஒட்டிக்கொள்வது மட்டும் ஏற்கப்படும்.

வேகத்தை மாற்றும் டிரைவ்களில் கால அளவே வேறு. அங்குள்ள குறைகடத்திச் சாவியான ஐஜிபிடி குறுஞ்சுற்றைப் பொதுவாக 10 மைக்ரோவிநாடி வரையே தாங்கும். ஃப்யூஸ் அதற்குள் உருகுவதில்லை. கடத்தும் நிலையில் ஐஜிபிடியின் குறுக்கே சுமார் 2 வோல்ட்டே இருக்கும். குறுஞ்சுற்றில் இது சட்டென உயர்வதை, ஐஜிபிடியை இயக்கும் கேட் டிரைவர் கண்டு சாவியை அணைக்கும். ஒரேயடியாக அணைத்தால் கம்பிகளின் தூண்டல் எழுப்பும் மின்னழுத்த உச்சம் சாவியையே தகர்க்கும். அதனால் அணைப்பு மெதுவாக நிகழ்கிறது.

மிகைச்சுமையை டிரைவின் மென்பொருள் மின்னோட்டத்தையும் நேரத்தையும் கொண்டு கணிக்கிறது. குறைந்த வேகத்தில் தண்டோடு சுழலும் விசிறியின் காற்று குறைவதால், மின்னோட்டம் வரம்புக்குள் இருந்தும் மோட்டார் சூடேறலாம். அத்தகைய பயன்பாடுகளில் சுருணைக்குள் பதிக்கப்பட்ட தெர்மிஸ்டர் வெப்பநிலையை நேரடியாக உணர்ந்து டிரைவை நிறுத்துகிறது.