பல சமயங்களின் காஞ்சி

முத்தி தரும் நகரங்கள் என்று புராணங்கள் போற்றும் ஏழனுள் தென்னாட்டில் அமைந்த ஒரே நகரமான காஞ்சிபுரம், இன்று சைவ, வைணவ, சாக்தக் கோயில்களாலேயே பெரிதும் அறியப்பட்டாலும், தன் நெடிய வரலாற்றில் பௌத்தருக்கும் சமணருக்கும் அதே அளவு உரிய புண்ணியத் தலமாக விளங்கியது. கி.பி. 640ஆம் ஆண்டளவில் இந்நாட்டைப் பற்றி எழுதிய சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் ஏறத்தாழ நூறு பௌத்த விகாரைகளும் பதினாயிரம் துறவியரும் எண்பது தேவாலயங்களும் இருந்ததாகவும், ஆடையற்ற சமணத் துறவியரான நிர்க்கிரந்தர் பலர் வாழ்ந்ததாகவும் குறித்துள்ளார். மணிமேகலையின் கதை இந்நகரில்தான் நிறைவுறுகிறது. இச்சமயத்தார் பூசலின்றி வாழ்ந்தனர் என்று கொள்வதற்கில்லை. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகத்தில், காபாலிகன் ஒருவன் காணாமற்போன தன் கபாலத்துக்காகப் பௌத்தத் துறவியோடு சண்டையிடுவது காஞ்சியின் தெருவிலேயே நிகழ்கிறது.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில், கருங்கல் அடித்தளத்தின்மேல் மணற்கல்லால் எழுப்பப்பட்டு, உட்சுற்றில் சிறு சிறு சன்னிதிகள் வரிசையாகச் சூழ அமைந்தது. மன்னனின் இருநூறுக்கு மேற்பட்ட விருதுப் பெயர்கள் அச்சன்னிதிகளில் பொறிக்கப்பட்டிருப்பினும், இக்கோயிலின் மிக அரிய எழுத்து அவனுடையது அன்று. முன்மண்டபத் தூண் ஒன்றின் பின்புறத்தில் பகைவன் ஒருவன் வெட்டுவித்த கன்னடக் கல்வெட்டே அது. பல்லவர் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைக் கைப்பற்றி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், பழிதீர்க்கும் வேட்கையோடு காஞ்சிக்குள் நுழைந்த இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கவர்ந்து செல்லாமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததை அது பதிவு செய்கிறது. வென்றவனின் இந்தப் பெருந்தன்மைக்குச் சற்றும் குறைந்ததன்று, நகரை மீட்ட பல்லவர் தம் தோல்வியைப் பறைசாற்றும் அவ்வெழுத்தை அழிக்காமல் விட்டது. விக்கிரமாதித்தனின் அரசி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் கைலாசநாதர் கோயிலின் சாயல் தெளிவாகத் தெரிவதால், காஞ்சியிலிருந்து சாளுக்கியர் கொண்டு சென்ற பெரும்பொருள் அதன் கட்டடக் கலையே எனலாம். பிற்காலத்தில் முதலாம் இராசராச சோழனும் கைலாசநாதர் கோயிலைக் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி', அதாவது கல்லால் அமைந்த பெருங்கோயில், என்று மதித்துக் குறிப்பிட்டான்.

பௌத்தம் இந்நகரிலிருந்து மறைந்துவிட, சமணம் வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றத்தில் 'ஜினகாஞ்சி' என்ற பெயரோடு நிலைத்தது. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விசயநகர மன்னன் இரண்டாம் அரிகரரின் அமைச்சரும் சமணருமான இருகப்பர், பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன.

நகரின் தெய்வங்களே ஊரை விட்டுச் செல்ல நேர்ந்த காலமும் உண்டு. 1688ஆம் ஆண்டில், முகலாயப் படையெடுப்புக்கு அஞ்சிய கோயிலார் வரதராசப் பெருமாளின் உற்சவத் திருமேனியை, பிணத்தைச் சுமந்து செல்வதுபோல் மறைத்து, உடையார்பாளையத்துக்குக் கொண்டு சென்றனர் என்பது மரபு. அச்சம் நீங்கிய பின்னும் அவ்வூர்ப் பாளையக்காரர் திருமேனியைத் தர மனமில்லாதிருக்க, ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளை ஏற்று லாலா தோடர்மால் என்னும் வடநாட்டுத் தலைவர் அதனை மீட்டு 1710இல் காஞ்சிக்கு அனுப்பினார். இச்செய்தியைக் கோயிலிலுள்ள கல்வெட்டு கூறுகிறது. இதே போன்ற அச்சத்தால் வெளியேறிய பங்காரு காமாட்சியின் பொற்றிருமேனியோ பல ஊர்களைக் கடந்து தஞ்சாவூரை அடைந்து, அங்கேயே தனிக்கோயில் கொண்டது. கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான சியாமா சாத்திரிகள் அவ்வம்மனை வழிவழியாகப் பூசித்த குடும்பத்தில் தோன்றியவர்.