நிலக்கரிக்கு ஈடாக மனிதர்

1946 ஜூன் 23 அன்று இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் உடன்பாடு கண்டன. இத்தாலி 50,000 தொழிலாளரைச் சுரங்கங்களுக்கு அனுப்பும். பெல்ஜியம் அதற்கு நிலக்கரி விற்கும். ஊர்தோறும் ஒட்டப்பட்ட இளஞ்சிவப்புச் சுவரொட்டிகள் ஊதியத்தையும் விடுமுறையையும் விரித்துரைத்தன. சுரங்கத்தின் ஆபத்தை உரைக்கவில்லை.

1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் சுரங்கத் தீயில் மாண்ட 262 பேரில் 136 பேர் இத்தாலியர். அதன்பின் இத்தாலி ஆளனுப்புவதை நிறுத்தியது.

1968இல் ஐரோப்பியச் சமூகத்தின் 1612ஆம் ஒழுங்குவிதி, உறுப்பு நாட்டுத் தொழிலாளர்க்கு உள்நாட்டவரோடு சம உரிமை வழங்கியது. காலியிடங்களோடு வேலை நிலைமையையும் வாழ்நிலையையும் நாடுகள் தம்முள் பகிர வேண்டும் என்றும் பணித்தது. 1990களில் அப்பணி யூரெஸ் என்னும் வலையமைப்பாக விரிந்தது. அன்று சுவரொட்டி சொல்லாது விட்டதைச் சொல்வது, இன்று அவ்வமைப்பின் கடமைகளுள் ஒன்று.