மூன்று கருவூலங்களும் ஒரு வாக்கும்: லக்ஷ்மிபாய் நகர் வழியாகத் தில்லி அரசியல்

முன்னுரை

எப்பொருளை முன்வைத்து வேட்பாளர் வாக்குக் கேட்கிறாரோ, அப்பொருளின் மீது அவருக்கு ஆட்சியுரிமை இருத்தல் வேண்டும் என்பது மக்களாட்சியின் அடிப்படை. தில்லியில் இவ்வடிப்படை முழுமையாக நிலைபெறவில்லை. நடுவண் அரசு ஊழியர் குடியிருப்பாகிய லக்ஷ்மிபாய் நகரைச் சான்றாகக் கொண்டு இதன் வரலாற்றுக் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று கருவூலங்கள்

இந்நகரின் அரசு வீடுகளும் அவை நிற்கும் நிலமும் நடுவண் அரசுக்கு உரியவை. தெரு, குடிநீர், மின்விநியோகம் ஆகியன புது தில்லி நகராட்சி மன்றத்தின் பொறுப்பு. கல்வி தில்லி அரசின் துறை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இங்கு நடத்தும் பள்ளி அவ்வரசின் நிதியுதவி பெறுவதாகும். ஆக, ஒரே குடியிருப்பை மூன்று கருவூலங்கள் புரக்கின்றன. சட்டமன்றத் தேர்தலில் அளிக்கும் வாக்கோ இம்மூன்றனுள் ஒன்றனையே நேராகத் தொடுகிறது.

வரலாற்றுப் பின்புலம்

1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பின்னர், புதிய நகரின் கட்டுமானப் பணிகளை ஒட்டி ரைசினாவில் நகராட்சிக் குழு உருவாயிற்று. அது 1927இல் புது தில்லி நகராட்சிக் குழு எனப் பெயர் பெற்றது. ஆட்சியாளரும் அலுவலரும் வாழ்வதற்கென அமைந்த அந்நகரில் நியமன முறையே வேரூன்றியது.

1952இல் தில்லிக்கு 48 உறுப்பினர் கொண்ட சட்டமன்றம் அமைந்தது. சௌதுரி பிரம்ம பிரகாஷ் முதலமைச்சரானார். எனினும் காவல்துறையும் உள்ளாட்சி அமைப்புகளின் அதிகாரங்களும் அம்மன்றத்தின் சட்டமியற்றும் எல்லைக்குப் புறம்பாகவே வைக்கப்பட்டன. மாநில மறுசீரமைப்பின்போது 1956இல் அச்சட்டமன்றமும் நீக்கப்பெற்றது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த பெருநகர மன்றம் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே உடையதாக விளங்கியது.

1991இல் நிறைவேறிய 69ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மீண்டும் சட்டமன்றத்தை வழங்கியது. 70 இடங்களுக்கு 1993இல் தேர்தல் நடைபெற்றது. பொது ஒழுங்கு, காவல், நிலம் ஆகிய மூன்றும் அப்போதும் நடுவண் அரசிடமே தங்கின. 1994ஆம் ஆண்டுப் புது தில்லி நகராட்சி மன்றச் சட்டம், நகராட்சியின் தலைவரை நடுவண் அரசே நியமிக்க வகை செய்தது. அப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினர்க்கு அம்மன்றத்தில் இடமுண்டு. ஆனால் வார்டுவாரியாக மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் இல்லை. தில்லியின் பிற பகுதியினர் மாநகராட்சித் தேர்தலில் வாக்களிக்கையில், இந்நகரத்தாருக்கு அவ்வாய்ப்பு இல்லாமையின் காரணம் இதுவே.

வேட்பாளரும் செலவும்

2008ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பின்படி இப்பகுதி புது தில்லித் தொகுதியில் அடங்குகிறது. 2008இல் ஷீலா தீட்சித்தும், 2013, 2015, 2020 ஆகிய ஆண்டுகளில் அரவிந்த் கெஜ்ரிவாலும் இங்கு வென்று முதலமைச்சராயினர். 2025இல் பர்வேஷ் வர்மா வென்றார். முதலமைச்சரே தொகுதி உறுப்பினராக இருந்த காலத்தும், இத்தொகுதியின் தெருவுக்கும் குடிநீருக்குமான செலவுத் திட்டம் நியமன மன்றத்திலேயே நிறைவேறியது. 2013, 2015 தேர்தல்களில் மின்கட்டணமும் குடிநீரும் முதன்மை பெற்றன. கட்டணச் சலுகைக்கான மானியத்தை ஒதுக்கத் தில்லி அரசுக்கு இயலும்; ஆயின் இங்கு மின்சாரத்தை வழங்குவது நகராட்சி மன்றமே.

நிலத்தைப் பொறுத்தவரை இவ்விடைவெளி இன்னும் பெரிது. அண்டையிலுள்ள சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு ஊழியர் குடியிருப்புகளை ரூ.32,835 கோடி மதிப்பீட்டில் மறுகட்டமைக்க 2016இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் 25,667 வீடுகள் என்பது திட்டம். மரங்களை வெட்டுவதற்கு எதிரான வழக்கு 2018இல் தில்லி உயர்நீதிமன்றத்தை எட்டியது. வாக்காளரின் வாழ்விடத்தையே மாற்றும் இத்தகைய செலவு எந்தச் சட்டமன்ற வேட்பாளரின் அதிகார எல்லைக்குள்ளும் வருவதன்று. அன்றியும், 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் நடுவண் அரசு ஊழியர் தேர்தலில் வாக்களிக்க இசைகின்றன. பரப்புரை செய்யத் தடை விதிக்கின்றன. எனவே இக்குடியிருப்பின் ஊழியர்க்கு வாக்கு ஒன்றே எஞ்சும் குரலாகிறது.

உத்திரமேரூர் தரும் அளவுகோல்

தமிழக வரலாற்றில் வேட்பாளர் தகுதியும் பொதுச் செலவும் இணைத்து எண்ணப்பட்டமைக்கு முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சான்று. குடவோலையில் பெயர் இடம்பெற நிலம், சொந்த மனையில் வீடு, வயது, கல்வி ஆகியவற்றை வரையறுத்த அது, வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கியது. நிலமுடையோர்க்கு மட்டுமே இடமளித்த அம்முறையை இன்றைய மக்களாட்சியுடன் ஒப்பிடல் பொருந்தாது. எனினும், செலவிட்டவர் தம்மைத் தேர்ந்தவர்க்குக் கணக்குரைக்க வேண்டும் என்னும் நெறி அங்குத் தெளிவாக உள்ளது.

முடிவுரை

நாட்டின் தலைநகர் எவ்வொரு மாநில அரசுக்கும் முற்றிலும் உட்படலாகாது என்னும் வாதம் வலுவுடையது. ஆயின் நாட்டின் பாதுகாப்புக்கும் ஒரு தெருவின் வடிகாலுக்கும் ஒரே அளவுகோல் வேண்டுவதில்லை. அயல்நாட்டுத் தூதரகங்களும் நாடாளுமன்றமும் உள்ள பகுதி என்னும் காரணம், லக்ஷ்மிபாய் நகரின் குடிநீர்ச் செலவைத் தேர்தலுக்கு அப்பாற்படுத்தப் போதுமானதன்று. யாரிடம் கணக்குக் கேட்பது என்பதை வாக்காளர் அறிய இயலாத இடத்தில், வேட்பாளரின் வாக்குறுதி எத்துணை நேர்மையானதாயினும் அரைகுறையாகவே நிற்கும் என்பது இவ்வாய்வால் பெறப்படும்.